துறைமுகம் இல்லாத துறைமுகக் கோட்டை

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையின் மேல்தளத்தில் ஏறிக் கிழக்கே பார்த்து நின்றால், சற்று நேரத்தில் ஒரு சந்தேகம் எழும். கப்பல் எங்கே நின்றிருக்கும்? வளைகுடா இல்லை. கடலுக்குள் நீண்ட நிலமுனை இல்லை. அலையைத் தடுக்கும் தீவோ பாறையோ கிடையாது. வடக்கிலிருந்து தெற்கே நேர்கோடு போட்டதுபோல் மணற்கரை. அதன்மேல் ஓயாமல் வந்து மடியும் அலை. இந்தக் கரையில்தான் 1620 முதல் 1845 வரை, இடையில் இரண்டு முறை தவிர, டென்மார்க்கின் கொடி பறந்தது. ஆசியாவில் அந்த நாட்டின் வணிகத்துக்கு இந்தக் கோட்டையே நெடுங்காலம் தலைமையிடம். இதன் பெயர் டேன்ஸ்போர்க். டேனிஷ் மொழியில் ‘டேனியர் கோட்டை’ என்பதே பொருள்.

காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் இந்தக் கோட்டைக்கு இன்று பள்ளிப் பிள்ளைகளும் வேளாங்கண்ணி, திருக்கடையூர் போகிறவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலோர் கடலைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டை கடலைப் பார்த்து நிற்பதால் அதன் கதையும் கடலிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. இந்தக் கோட்டையைத் தாங்கியதும் நெருக்கியதும் பெரும்பாலும் நிலப்பக்கத்து விஷயங்கள்: தஞ்சாவூர் அரசுக்குக் கட்டவேண்டிய பணம், உள்நாட்டு நெசவு, சுற்றுவட்டாரத்து நெல், இந்தக் கரையின் படகோட்டிகள். கடைசியில் கடல் வந்து தன் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொண்டது.

டேனியருக்கு முந்திய ஊர்

‘பாடும் அலைகளின் ஊர்’ என்று தரங்கம்பாடிக்குப் பொருள் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சுற்றுலாப் பலகைகளிலும் அதுதான் இருக்கிறது. கேட்க இனிமையாக இருந்தாலும், கல்வெட்டு சொல்லும் பெயர் வேறு. கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்ற மறுபெயரும் உண்டு. பட்டினம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது வணிகம் நடக்கும் கடற்கரை ஊர். அவர்கள் ஆளில்லாத மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டினத்துக்குள் நுழைந்தார்கள்.

வடக்கே பூம்புகார், தெற்கே நாகப்பட்டினம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்தக் கரையின் பலம் அதன் பின்புறத்தில் இருந்தது. காவிரிப் படுகையின் நெல்லும், உள்ளூர்களில் நெய்த பருத்தித் துணியும் வண்டி ஏறிக் கிழக்கே வந்தால் கடல் தட்டும் இடம் இதுதான்.

வேறிடம் தேடி வந்தவர்கள்

டேனியர் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை. அவர்களுடைய குறி இலங்கை. 1616இல் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆதரவில் கோபன்ஹேகனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மார்செலிஸ் டி போஷௌவர் என்ற டச்சு வணிகர் அங்கே போய்ச் சேர்ந்தார். தான் கண்டி அரசர் செனரத்தின் தூதன் என்றும், போர்த்துக்கீசியரை விரட்ட உதவினால் இலங்கை வணிகம் டேனியருக்கே என்றும் சொன்னார். அதை நம்பி 1618 நவம்பரில் ஒரு கப்பல் அணி புறப்பட்டது. தலைவர் ஓவே கேடே, இருபத்து நான்கு வயதை எட்டாத இளைஞர். போஷௌவர் வழியிலேயே இறந்துபோனார். 1620இல் கப்பல்கள் இலங்கை சேர்ந்தபோது, தூதன் கொடுத்த வாக்குறுதிகளை அப்படியே ஏற்கக் கண்டி அரசர் தயாராக இல்லை. திருகோணமலையில் காலூன்றப் பார்த்த முயற்சியும் நிலைக்கவில்லை.

இதற்கு முன்பே ‘ஓரசுண்ட்’ என்ற சிறு கப்பல் முன்னோட்டமாக அனுப்பப்பட்டிருந்தது. அதில் வந்தவர் ரோலான் கிராப்பே, டேனியருக்காக வேலை பார்த்த டச்சுக்காரர். காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அந்தக் கப்பலைத் தாக்கி அழித்தார்கள். கிராப்பேயும் கூட இருந்த சிலரும் கரை ஏறித் தப்பினர். உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பிடித்துத் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அரசர் ரகுநாத நாயக்கர்.

கப்பலைப் பறிகொடுத்த ஒருவன் அரசர் முன் கைதியாக நிற்கிறான். வழக்கமாக இத்தகைய கதை சிறையில் முடியும். இது ஒப்பந்தத்தில் முடிந்தது. அதற்குக் காரணம் கிராப்பேயின் சாமர்த்தியம் மட்டுமல்ல. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வேரூன்றியிருந்தார்கள். தன் நாட்டுக் கரையில் ஒரே ஒரு வாடிக்கையாளன் இருந்தால் விலை சொல்பவன் அவன்தான். இன்னொருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் போட்டி வரும், சுங்கமும் வரும். ரகுநாதருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. கோட்டையின் முதல் கல்லை நட்டது டேனியரின் கடற்பலம் என்பதைவிடத் தஞ்சாவூரின் வணிக யோசனை என்பதே பொருந்தும்.

பொன்னோலையும் கல்வீடும்

1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. டேனியர் தரங்கம்பாடியில் கல்வீடு கட்டிக்கொள்ளலாம். ஊரில் வரி வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு ஆண்டுதோறும் தஞ்சாவூருக்கு 3,111 ரூபாய் கட்ட வேண்டும். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் ஒரு நட்போலையும் அனுப்பினார். வாசகம் தமிழ், கையொப்பம் தெலுங்கு. மிளகு வாங்கிப் போக அனுமதி அதில் இருக்கிறது. அந்தப் பொன்னோலை இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஓலையில் மிளகு இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. காவிரிப் படுகையில் மிளகு விளைவதில்லை. ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவர்கள் மனத்தில் கீழைநாடு என்றால் மிளகு. வந்த பிறகுதான் இங்கே சரக்கு துணி என்று புரிந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு மலாய்த் தீவுகளில் நல்ல கிராக்கி. துணியைக் கொண்டுபோய் மக்காசரில் கிராம்புக்கு மாற்றுவது லாபமான தொழில். முதல் ஆளுநராக 1636 வரை இருந்த கிராப்பே இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார். ஆக, கோபன்ஹேகனுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிய கப்பலைவிட, தரங்கம்பாடியிலிருந்து கிழக்கே ஓடிய கப்பல்தான் கோட்டைக்குச் சோறு போட்டது.

‘கல்வீடு’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. இந்தியக் கரைகளில் ஐரோப்பியர் முதலில் கேட்டதெல்லாம் சரக்கு வைக்க ஒரு பத்திரமான இடம். கூரைக் கொட்டகை தீப்பிடிக்கும், திருட்டுப் போகும். அதனால் சுவர் எழுப்பினார்கள். சுவரைக் காக்கப் பீரங்கி வைத்தார்கள். பீரங்கிக்கு மேடையாகக் கொத்தளம் கட்டினார்கள். டேன்ஸ்போர்க் அப்படி வளர்ந்த கட்டடம்தான். கோட்டை என்று சொல்கிறோம். உண்மையில் அது பீரங்கி வைத்த பண்டகசாலை.

உள்ளே போனால் இது தெளிவாகும். சரிவக வடிவிலான சுற்றுமதில், நான்கு மூலைகளிலும் கொத்தளம். நடுவே திறந்த முற்றம். கடலோரமாக, மதிலை ஒட்டி இரண்டு தளங்கள் கொண்ட தலைமைக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்கச் செங்கல் வளைவுகள் தாங்கும் தாழ்ந்த அறைகள். சரக்குக் கிடங்கு, வீரர்கள் தங்குமிடம், சிறை எல்லாம் இங்கேதான். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மேற்கூரையின் மேல் ஒட்டகத் திமில்போல் வரிசையாகப் புடைத்திருக்கும் செங்கல் கவிகைகளைப் பார்க்கலாம். அகலமான அறைக்கு மரத்தூலம் போட்டு மேலே பீரங்கியையும் ஏற்ற முடியாது. வளைவுக் கூரையானால் பாரம் பக்கச் சுவருக்கும் நடுத்தூணுக்கும் இறங்கிவிடும். கீழே மூட்டை, நடுவே மனிதர், மேலே ஆயுதம் என்ற இந்த அடுக்குத்தான் கோட்டையின் சுருக்கம்.

வீட்டுக்குள் வெடிமருந்தோடு குடியிருப்பது எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். ஐஸ்லாந்துக்காரரான யோன் ஓலாஃப்சன் 1623இல் இங்கே பீரங்கிப் படையாளாக வந்தார். அடுத்த ஆண்டே வெடிமருந்து வெடித்ததில் கைகள் ஊனமாகி ஊர் திரும்பினார். முதுமையில், 1661இல், தன் வாழ்க்கையை எழுதினார். தரங்கம்பாடியின் கோயில் விழாக்களையும் தெருக்களையும் கோட்டையின் அன்றாடத்தையும் ஒரு சாதாரணச் சிப்பாயின் கண் வழியே பார்க்க அந்த நூல் உதவுகிறது. கோட்டையில் பாதுகாப்பாக இருந்தது சரக்கு. மனிதர்களுக்கு எதிரியின் குண்டைவிடச் சொந்த வெடிமருந்தும் காய்ச்சலும் பெரிய ஆபத்து.

அலை தாண்டும் படகு

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். துறைமுகம் இல்லாத இடத்தில் வணிகம் எப்படி நடந்தது?

கப்பல் கரைக்கு வரவே வராது. ஆழமான இடத்தில், கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இருப்பது அலை உடையும் பகுதி. கப்பலோடு வரும் ஐரோப்பியப் படகை அதில் இறக்கினால் ஆணி அடித்த பலகைகள் தரை தட்டும் அதிர்ச்சியில் பிளந்துவிடும். சோழமண்டலக் கரை இதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. மசூலா என்றும் சலங்கு என்றும் சொல்லப்பட்ட படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரம் இன்னும் எளிது. அலை அதன் மேலே ஏறிப் போகும், இடுக்குகளில் வழிந்துவிடும். கடிதமும் அவசரச் செய்தியும் போக அது போதும்.

இவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள். எத்தனையாவது அலைக்குப் பின் படகைத் தள்ள வேண்டும் என்பது எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இருந்திருக்காது. அது அவர்கள் கையில் இருந்தது. ஒரு துணிக்கட்டு கோட்டைக் கிடங்கிலிருந்து கப்பலுக்குப் போக வேண்டுமானால் அது அவர்கள் படகில்தான் போக வேண்டும். ஆளுநரும் பாதிரியும் கரை இறங்கியதும் இப்படியே. வேறு வகையில் சொன்னால், தரங்கம்பாடியின் துறைமுகம் ஓர் இடமாக இருக்கவில்லை. ஒரு கைத்திறனாக இருந்தது.

அதுவும் ஆண்டு முழுக்க நடக்காது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தால் இந்தக் கரையில் நங்கூரம் போட்டு நிற்பது உயிரோடு விளையாடுவது. கார்த்திகை முடியும்வரை புயல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கப்பல்கள் விலகிப் போய்விடும். அந்த மாதங்களில் கோட்டை கடலுக்கு முதுகு காட்டி, நிலத்தை நம்பியே வாழ வேண்டும்.

ஒற்றை டேனியன்

நிலத்தை நம்பி வாழ்வது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி உதாரணம். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர். அதில் இறங்கிய டென்மார்க் 1629இல் தோற்று ஒதுங்கியது. கஜானா காலி. தொடக்கம் முதல் இருபது ஆண்டுகளில் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட 18 கப்பல்களில் 7 மட்டுமே திரும்பின. 1640களில் கப்பல் வருவது நின்றேபோனது. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஆனால் அதன் கோட்டை வங்கக் கடலோரம் நின்றுகொண்டிருந்தது.

இதற்கு நடுவே கோட்டைக்குள்ளும் அமைதி இல்லை. ஆளுநராக வந்த வில்லெம் லேயல், முன்னவரிடமிருந்து பொறுப்பைப் போராடித்தான் வாங்கவேண்டி வந்தது. 1648இல் அவரையே கீழிருந்தவர்கள் கலகம் செய்து இறக்கினார்கள். நோய் ஒவ்வொருவராகக் கொண்டுபோயிற்று. 1655 வாக்கில் தரங்கம்பாடியில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பெரிய குடும்பத்தவர் அல்ல; படிப்பும் கிடையாது. கூட இருந்தவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட போர்த்துக்கீசியரும் போர்த்துக்கீசிய வழிவந்த உள்ளூர்க்காரர்களும்.

ஒற்றை ஆள் கொடியை இறக்காமல் காத்தான் என்று இதை வீரக்கதையாகச் சொல்வதுண்டு. அவர் உண்மையில் என்ன செய்தார் என்று பார்த்தால் கதை இன்னும் சுவையானது. ஆண்டுப் பணம் கட்டாததால் தஞ்சாவூர்ப் படை மீண்டும் மீண்டும் வந்து முற்றுகையிட்டது. கோங்ஸ்பாக்கே வங்கக் கடலில் போன வணிகக் கப்பல்களைப் பிடித்தார், சரக்கை விற்றார். நேராகச் சொன்னால் கடற்கொள்ளை. முகலாயரின் வங்காளத்தோடு டேனியருக்கு 1640களிலேயே பகை மூண்டிருந்ததால் அதற்குப் போர் என்று பெயர் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுதுபார்த்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், கடைசியில் நாயக்கரோடு சமரசம் பேசி முடித்தார்.

பிற நாட்டுக் கப்பல்கள் வழியாக ஊருக்கு அறிக்கையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற போர்க்கப்பல், அவருடைய பதவியை அரசு ஏற்கும் ஆணையோடு வந்து சேர்ந்தது. 29 ஆண்டுகளுக்குப் பின் டென்மார்க்கிலிருந்து வந்த முதல் கப்பல் அது. அடுத்த ஆண்டு புதுக் கம்பெனி பிறந்தது.

தாய்நாடு மறந்துவிட்ட கோட்டை கடல்வழி உதவி எதுவுமின்றி ஏறத்தாழ ஒரு தலைமுறை நின்றது. உள்ளூர் அரிசி, உள்ளூர் ஆள், உள்ளூர் அரசோடு சண்டையும் சமரசமும் என்றே அது நின்றது. அந்தக் காலத்தில் அதைத் தஞ்சாவூர் நாட்டுக்குள் இருந்த ஒரு பாளையம் என்று சொன்னால் மிகையாகாது.

1670களின் நடுவில் தஞ்சாவூரில் நாயக்கர் போய் மராட்டியர் வந்தார்கள். பணம் வாங்கும் கை மாறியதே தவிர, பணம் கட்டும் கடமை மாறவில்லை. 1699இல் சகஜி மன்னரின் படை தரங்கம்பாடியைச் சூழ்ந்தபோது, பின்னால் டச்சுக்காரரின் தூண்டுதல் இருந்தது. மதில் விழப்போகும் நேரத்தில் சென்னையிலிருந்து ஆளுநர் தாமஸ் பிட் அனுப்பிய ஆங்கிலப் படை வந்து காப்பாற்றியது. தன் பீரங்கியால் அல்ல, அண்டை வீட்டாரின் கணக்கால் டேன்ஸ்போர்க் பிழைத்தது. டச்சுக்காரர் கை ஓங்குவதை ஆங்கிலேயர் விரும்பவில்லை.

கோட்டைக்குள் ஒரு பாதிரி

தமிழ் வாசகர்களுக்குத் தரங்கம்பாடி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் சீகன்பால்கு. மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்ப, புளூட்சோ என்ற தோழரோடு 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்தார். அச்சுக்கூடம், தமிழ்ப் புதிய ஏற்பாடு, பொறையாற்றில் காகித ஆலை என்று அவர் செய்தவை தனியாக எழுதவேண்டியவை. கோட்டையோடு அவருக்கிருந்த தொடர்பு வேறு மாதிரி: அவர் அதன் கைதி.

மன்னர் அனுப்பிய பாதிரியைக் கம்பெனி விரும்பவில்லை. ஊர் மக்களின் சமயத்தில் கைவைத்தால் வணிகம் கெடும் என்பது ஆளுநர் ஹாசியஸின் கவலை. கிறிஸ்தவரான உள்ளூர் மக்களுக்காகச் சீகன்பால்கு வழக்குகளில் வாதாடியதும் எரிச்சலைக் கூட்டியது. 1708 நவம்பரில் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து 1709இல்தான் வெளியே வந்தார்.

தரங்கம்பாடி ஒரே கையின் ஐந்து விரல் அல்ல என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. அரசர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், மிஷன் ஒரு பக்கம். கடல் கடந்து இங்கே கொண்டுவரப்பட்ட அந்தச் சண்டையில், மன்னர் கொடி பறந்த கோட்டைக்குள்ளேயே மன்னர் அனுப்பியவர் பூட்டப்பட்டார். சிறையிலிருந்து வந்த சில ஆண்டுகளில் அச்சு எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கப்பலேறி வந்தன. அந்தப் பெட்டிகளும் தையல் படகில்தான் கரை சேர்ந்திருக்க வேண்டும்.

ஒதுங்கி நின்றவரின் ஆதாயம்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தியாவுக்காக அடித்துக்கொண்டார்கள். டென்மார்க் சண்டையில் சேரவில்லை. போர்க்காலத்தில் நடுநிலை நாட்டுக் கொடி கட்டிய கப்பலுக்குத் தனி மதிப்பு. 1777இல் டேனிஷ் அரசு தரங்கம்பாடியைக் கம்பெனியிடமிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த அந்த ஆண்டுகள்தான் ஊரின் பொற்காலம். இந்தியாவில் சம்பாதித்ததைத் தங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப விரும்பிய ஆங்கில அதிகாரிகளுக்கும் டேனிஷ் கப்பல் வசதியாக இருந்தது.

அந்தச் செழிப்பு கோட்டைக்கு வெளியேதான் தெரிகிறது. ஆளுநர் கோட்டையை விட்டு எதிரே உள்ள மாளிகைக்குக் குடிபோனார். அரசன் தெருவிலும் அரசி தெருவிலும் தூண் வைத்த வீடுகள் எழுந்தன. ஊரின் மேற்கு வாயில் 1792இல் அரச முத்திரையோடு புதிதாகக் கட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பீட்டர் அங்கர் ஓவியம் தீட்டத் தெரிந்தவர்; ஊரையும் கோட்டையையும் வரைந்து வைத்தார். ஆளுநருக்கு உட்கார்ந்து படம் வரைய நேரம் இருந்ததே அந்தக் காலத்தின் நிலைமையைச் சொல்லிவிடும்.

நடுநிலை முறிந்ததும் எல்லாம் முறிந்தது. ஐரோப்பாவில் பிரிட்டனோடு டென்மார்க் மோதியதால் 1801இல் ஆங்கிலேயர் வந்து ஊரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 1808இல் மறுபடி எடுத்தார்கள். 1815இல் மறுபடி கொடுத்தார்கள். இரண்டு முறையும் தரங்கம்பாடியில் சண்டை இல்லை. திரும்பக் கிடைத்தபோது வணிகம் திரும்பி வரவில்லை. இங்கிலாந்தின் ஆலைத்துணி சோழமண்டல நெசவைத் தின்றுவிட்டிருந்தது. 1845 பிப்ரவரியில் வங்காளத்தின் சிராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றார்கள். அந்த நவம்பரில் கொடி இறங்கியது.

225 ஆண்டுகளைத் திருப்பிப் பார்த்தால், இந்தக் கோட்டையை யாரும் மதிலேறிப் பிடித்ததில்லை. ஒப்பந்தத்தால் எழுந்தது, சரணடைந்த தாளால் கைமாறியது, கிரயப் பத்திரத்தால் முடிந்தது.

கடலின் பங்கு

ஆங்கிலேயருக்குக் கோட்டை தேவைப்படவில்லை. சில காலம் ஊரை மட்டும் பயன்படுத்தினார்கள். தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டர் அலுவலகம் 1860 வரை இங்கே இருந்தது. பிறகு அதுவும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போன பக்கம் சரக்கும் போயிற்று. கோட்டை சிறையானது, பிறகு பொதுப்பணித் துறையின் பயணியர் விடுதியானது. 1970களின் இறுதிவரை அதிகாரிகள் வந்து தங்கிப் போனார்கள். அதன் பின் தமிழ்நாடு தொல்லியல் துறை பொறுப்பேற்று 1979இல் அருங்காட்சியகம் திறந்தது. 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் உள்ள ஆர்வலர்களும் தொல்லியல் துறையும் சேர்ந்து கட்டடத்தைச் சீரமைத்தார்கள்.

மேல்தளத்து அறைகளில் இப்போது பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலைச் சாடிகள், வாள்கள், சிறு பீரங்கிக் குண்டுகள், டேனிஷ் ஆவணங்கள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு எல்லாம் இருக்கின்றன. டேனியர் தரங்கம்பாடியில் அடித்த காசுகள் பெரும் பொருளல்ல. முதலில் ஈயம், பிறகு செம்பு. ஆனால் நின்று பார்க்கவேண்டியவை அவைதாம். மன்னர் பெயரின் எழுத்தும் கிரீடமும் பொறித்த அந்தச் சின்னக் காசு அரிசிக்கும் மீனுக்கும் கைமாறியது. கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் இருந்த உறவு அதில்தான் தேய்ந்து கிடக்கிறது.

வடக்கே சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஊரின் கிழக்கு ஓரம் நெடுங்காலமாகக் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. டேனிஷ் மதிலின் கடற்பக்கத் துண்டுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் கரையோரத்து மீனவர் குடியிருப்பு பல உயிர்களைப் பறிகொடுத்தது. கோட்டை நின்றது. அதற்கு முன் எந்தப் படையும் செய்யாததை அலை சில நிமிடங்களில் ஊருக்குச் செய்துவிட்டது.

கோட்டையைவிட்டு வெளியே வரும்போது இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு காலத்தில் கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. அதைத் தாண்டத் தூக்குப்பாலம் இருந்தது. மனிதர்களைத் தடுக்கத் தண்ணீரை வெட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். இன்று அகழி தூர்ந்து தரையோடு தரையாகிவிட்டது. அதன்மேல் நடந்துதான் நாம் உள்ளே போகிறோம். கோட்டையின் மறுபக்கம், கடலோரமாக, கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அங்கே தடுக்கவேண்டியது தண்ணீரை.

அந்தக் கற்களுக்கு அப்பால் இன்றும் காலையில் படகுகள் அலை தாண்டிப் போகின்றன. தென்னங்கயிறு போய் ஃபைபர் வந்துவிட்டது. துடுப்பு போய் இயந்திரம் வந்துவிட்டது. அலை மடிந்து அடுத்தது எழுவதற்குள் படகைத் தள்ளும் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. தரங்கம்பாடியின் துறைமுகம் அன்றும் இன்றும் அதுதான்.